சிலந்திக் கடி என்று நினைத்த கட்டி: எம்ஆர்எஸ்ஏ அனுபவங்கள்

மல்யுத்தம் பயிலும் மகனின் தாய்

மகனுக்குத் தொடையின் பின்புறம் பருப் போல ஒன்று கிளம்பியது. சிலந்தி கடித்திருக்கும் என்றான். சிலந்தியை யாரும் பார்க்கவில்லை. மறுநாளே சுற்றிலும் கல்லாக இறுகி, நடுவில் கருத்த புள்ளி ஒன்று வந்துவிட்டது. துணி பட்டாலே துடித்தான். புண்ணின் அளவுக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லை. மருத்துவர் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை எழுதினார். வேளை தவறாமல் கொடுத்தும் வீக்கம் பரவிக்கொண்டே போனது. திரும்பப் போனபோது கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கும் கொஞ்சம் அனுப்பினார். எம்ஆர்எஸ்ஏ என்று முடிவு வந்தது. அதாவது மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமாக ஸ்டாஃப்) கிருமி. பிறகு கோ-டிரைமாக்சசோல் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். ஆனால் கீறிய அன்றே பாதி நிம்மதி கிடைத்துவிட்டது.

அவனுடன் பயிலும் வேறு சிலருக்கும் இதே கட்டி இருந்திருக்கிறது. துண்டையும் சவரக் கத்தியையும் பகிர்ந்துகொள்வார்களாம்! இது மறுபடி வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அறுவைப் பிரிவுச் செவிலியர்

"சிலந்தி கடித்துவிட்டது" என்று யாராவது வந்தால், சீழ் எடுக்கும் குப்பியைத்தான் முதலில் தேடுவேன். அவ்வளவு பார்த்தாகிவிட்டது.

கண்ணால் பார்த்து மட்டும் இது சாதாரண ஸ்டாஃபா, மருந்துக்கு அடங்காததா என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டும் வீங்கும், சுடும், சீழ் பிடிக்கும். சந்தேகம் எழ வேண்டியது அது நடந்துகொள்ளும் விதத்தில்: மருந்து தொடங்கி 48 மணி நேரம் கடந்தும் பரவுவது, ஆறிய இடத்துக்கு அருகிலேயே இன்னொன்று கிளம்புவது, வீட்டில் அடுத்தவருக்கும் வருவது, அண்மையில் மருத்துவமனையில் தங்கியிருந்தது.

'சிவந்திருக்கும்' என்றே எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. ஊதா கலந்த கருமையாகவோ, சுற்றுத் தோலைவிடச் சற்று மினுமினுப்பாகவோதான் தெரியும். அதனால் புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பாருங்கள், இறுக்கத்தைப் பாருங்கள். பிறகு சோப்பால் கை கழுவுங்கள். வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் குறித்து வைத்தால், கோட்டைத் தாண்டுகிறதா என்பதில் வாக்குவாதமே இருக்காது.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், புண்ணிலிருந்து மேல்நோக்கி ஓடும் கோடு, மூக்கு அல்லது மேலுதட்டருகே கட்டி, மயக்கம், குழப்பமான பேச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டியைப் பிதுக்கவும் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவரின் மகள்

வலியை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அப்பாவுக்குக் காலில் உணர்ச்சி குறைவு. உள்ளங்காலில் சீழ் வைத்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமல் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போனது, காலுறையில் கறை. இவ்விரண்டும்தான் காட்டிக்கொடுத்தன. அனுமதித்து வான்கோமைசின் நரம்பு வழியாக ஏற்றினார்கள். கால் தப்பியது. இப்போது தினமும் அவர் பாதத்தைப் பார்ப்பது என் வேலை. அவர் முணுமுணுப்பது அவர் வேலை.

ஆய்வகத்தில் பணிபுரிபவர்

மெத்திசிலின் 1959-இல் பயன்பாட்டுக்கு வந்தது; 1961-லேயே அதற்கு அடங்காத கிருமியைப் பிரிட்டனில் கண்டுவிட்டார்கள். மெக்-ஏ என்ற மரபணு, கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தை மாற்றித் தருகிறது. பெனிசிலின் வகை மருந்துகளால் அந்தப் புதிய புரதத்தைப் பற்ற முடிவதில்லை. செஃபலெக்சினும் அமாக்சிசிலினும் தோற்பது இதனால்தான். மருந்தின் அளவைக் கூட்டினாலும் பயனில்லை.

எங்களுக்கு வரும் மாதிரிகளில் பாதிக்குமேல் சலிப்பூட்டுபவை: புண்ணின் மேல்தோலைத் தடவி எடுத்த பஞ்சு. அதில் தோலில் வசிக்கும் எல்லாக் கிருமியும் வளரும். கட்டியின் உள்ளிருந்து எடுத்த சீழ்தான் வேண்டும், முடிந்தால் அடுத்த மருந்தைத் தொடங்கும் முன். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அறிக்கையில் கிளின்டாமைசின் என்ற மருந்து வேலை செய்யும் என்றிருந்தால், மறைந்திருக்கும் எதிர்ப்பைக் காட்டும் டி-டெஸ்ட் செய்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில கிருமிகள் தொடக்கத்தில் பணிந்து, சிகிச்சையின் நடுவே எதிர்ப்பைக் காட்டும்.

அம்மா, மறுபடி வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரலாம். பத்தில் மூன்று பேர் அளவில் ஸ்டாஃப் கிருமியை மூக்கில் சுமக்கிறார்கள், பெரும்பாலும் சாதாரண வகையை. திரும்பத் திரும்ப வந்தால் மூக்குக்கு முப்பிரோசின் களிம்பும், குளிக்கக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் மருத்துவர் தரக்கூடும். சில சமயம் வீட்டில் எல்லோருக்குமே.

மல்யுத்தம் பயிலும் மகனின் தாய்

நன்றி. சிஸ்டர், அவன் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று தொந்தரவு செய்கிறான். அனுப்பலாமா?

அறுவைப் பிரிவுச் செவிலியர்

கசிவு நின்று புண் ஆறும் வரை மல்யுத்தம் வேண்டாம். மருத்துவர் சம்மதித்தால், புண்ணைக் கட்டி மூடிக்கொண்டு தனியாக ஓடட்டும். துண்டு அவனுடையதாக இருக்கட்டும்.