மடக்குக் கத்தியை எத்தனை டிகிரியில் தீட்டுவது?

வலைக்காரன்:
காசிமேட்டில் வலை பழுது பார்க்கிறேன். இடுப்பில் எப்போதும் ஒரு விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி இருக்கும், நாளெல்லாம் நைலான் கயிறு அறுக்கிற வேலை அதற்கு. முன்பு தெருவில் சைக்கிளில் வந்த சாணைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். பொறி பறக்கப் பிடித்துக் கொடுத்தார், நுனி நீலம் பாய்ந்துவிட்டது, அந்த இடத்தில் இன்று வரை கூர் தங்குவதில்லை. அதிலிருந்து நானே கல்லில் தீட்டுகிறேன். நன்றாகப் படுக்க வைத்துத் தேய்த்தால் கை முடியையே வழிக்கிறது, ஆனால் பத்துக் கயிறு அறுப்பதற்குள் கூர் மடங்கிவிடுகிறது. நிமிர்த்திப் பிடித்தால் கயிற்றின் மேல் வழுக்குகிறது. ஒருவர் 20 டிகிரி என்கிறார், இன்னொருவர் 40 என்கிறார். எது சரி?

ஒற்றியூர் ஃபிட்டர்:
தம்பி, இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். ஒரு பக்கம் 20 வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 40. உங்கள் கத்தியின் எஃகு, கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 56 சுமார்தான், ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 வரை அதற்குப் பொருந்தும். 60க்கு மேல் கடினம் உள்ள ஜப்பான் சமையல் கத்தி 12 டிகிரியில்கூட நிற்கும், இது நிற்காது, மடங்கும். கயிறு அறுக்க 20 வையுங்கள்.

கோணம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு காகிதத்தின் மூலையை எடுங்கள், அது 90. ஒரு முறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22½. அந்த ஆப்பைக் கல்லின் மேல் வைத்து, அதைவிட ஒரு மயிரிழை தாழ்வாகக் கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள். அலகு 15 மில்லிமீட்டர் அகலம் என்றால் முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும், ஸ்கேல் வைத்தும் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், கயிற்றுக்கு மழமழவென்று மெருகேற்ற வேண்டாம். 400 எண் போட்ட கல்லோடு (எண் ஏற ஏறக் கல் மென்மையாகும்) நிறுத்தினால் முனையில் சின்னச் சின்னப் பல் இருக்கும், அதுதான் நைலானைக் கடித்து அறுக்கும். வழுக்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

மீன் வெட்டும் அக்கா:
நான் வஞ்சிரம் துண்டு போடும் கத்திக்கு 15 வைக்கிறேன், எலும்பில் அடிக்கும் கத்திக்கு 20க்கு மேல். ஆனால் தம்பி, எந்தக் கோணமானாலும் கை ஆடினால் வீண். கூர் ஓரத்தில் கருப்பு மார்க்கரைப் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மேல்பக்கம் மட்டும் அழிந்தால் ரொம்பப் படுக்க வைத்திருக்கிறீர்கள், விளிம்பில் மட்டும் அழிந்தால் நிமிர்த்திவிட்டீர்கள், முழுக்க அழிந்தால் சரி. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் பிசிறு எழும். விரலை முதுகிலிருந்து கூர் பக்கமாக வெளியே இழுத்துத் தடவினால் சொரசொரவென்று தெரியும், கூர் நெடுக ஓட்டிவிடாதீர்கள், அறுத்துவிடும். அடி முதல் நுனி வரை பிசிறு வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், முதுகு முன்னால் போக கூர் பின்னால் வரும்படி இழுத்தால் பிசிறு போய்விடும். இன்னொன்று, உப்புத் தண்ணீர் பட்ட கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், கூரைத் துரு தின்றால் தீட்டியதெல்லாம் போச்சு.

வலைக்காரன்:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. மார்க்கர் பூசிப் பார்த்தேன், நுனிப் பக்கம் போகும்போது என் கை தானாகத் தாழ்ந்துவிடுகிறது, இத்தனை நாள் தெரியவே இல்லை. இன்று காலை முழுக்கக் கயிறு அறுத்தேன், மடங்கவில்லை. அந்த நீலமான நுனியை என்ன செய்வது?

ஒற்றியூர் ஃபிட்டர்:
சூட்டில் பதம் போன இடம், மீளாது. கல்லிலேயே தண்ணீர் விட்டுப் பொறுமையாகத் தேய்த்து அந்தப் பகுதியைக் கரைத்துவிடுங்கள், நுனி இரண்டு மில்லிமீட்டர் குறையும், அவ்வளவுதான்.