சி.சி.யூ.வுக்கு மாத்திட்டாங்க, எதை முதல்ல கத்துக்கிறது?

பொன்னி_நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மெடிக்கல் வார்டுல இருந்தேன். இப்போ சி.சி.யூ.வுல, அதான் இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல, போட்டுட்டாங்க. அலாரம் அடிச்சா நோயாளிக்கு முன்னாடி எனக்குத்தான் படபடப்பு வருது. சீனியர் ஸ்டாஃப் எட்டிப் பாத்துட்டு "ஆர்டிஃபேக்ட்தான், விடு"ன்னு, அதாவது மானிட்டர்ல வந்தது பொய்க் கோடுன்னு, சொல்லிட்டுப் போயிடுறாங்க. எதை வச்சு சொல்றாங்கன்னு புரியல. ஈ.சி.ஜி. புத்தகம் ஒண்ணு வாங்கினேன், பத்துப் பக்கம் தாண்டல. அடுத்த வாரம் நைட். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஓடும்போது பி.பி. இறங்கினா என்ன பண்றதுன்னும் சொல்லுங்க.

செல்வி_அக்கா:
பொன்னி, புத்தகம் எங்கயும் ஓடிப் போயிடாது, மூடி வைம்மா. முதல்ல ஓவர் எடுக்க, அதான் முந்தின ஷிஃப்ட் ஆளுங்ககிட்டருந்து நோயாளிங்க பொறுப்பை வாங்க, கத்துக்கோ. நம்ம ஆளுங்க ஓவர் கொடுக்கிற லட்சணம் தெரியும்ல? ஸ்டேஷன்ல நின்னபடியே கேஸ் ஷீட்டைப் புரட்டி, "பெட் நாலு, ஆன்டீரியர் எம்.ஐ., லைசிஸ் ஆச்சு, ஸ்டேபிள்"னு (இதயத்தோட முன்பக்க மாரடைப்பு, கட்டி கரைக்கிற மருந்து கொடுத்தாச்சு, நிலை சீரா இருக்குன்னு அர்த்தம்) சொல்லிட்டுப் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. விடாதே. கட்டிலுக்குக் கூட்டிட்டுப் போ. நோயாளி கையைத் தொட்டுப் பாரு, வெதுவெதுப்பா இருக்கா, ஜில்லுன்னு ஈரமா இருக்கா. காலை அழுத்திப் பாரு, குழி விழுதா. எத்தனை தலையணை வச்சுப் படுத்திருக்கார்? பம்புல பி.பி.யை ஏத்துற நார்அட்ரினலின் எத்தனை எம்.எல். ஓடுது, சிரிஞ்சுல மிச்சம் எவ்வளவு, மருந்து கலந்த அடர்த்தி சிங்கிள் ஸ்ட்ரெங்தா டபுளா? எல்லாத்தையும் அவங்க இருக்கும்போதே கேட்டுடு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் மாறிட்டாரான்னு தெரியணும்னா, எட்டு மணிக்கு எப்படி இருந்தார்னு உன் கைக்குத் தெரிஞ்சிருக்கணும். ரெண்டு தலையணையில படுத்திருந்தவர் எழுந்து உக்காந்து கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார்னா, மானிட்டர் என்ன காட்டினாலும் டியூட்டி டாக்டரை எழுப்பு. திட்டினா திட்டட்டும்.

அலாரத்துக்கு வர்றேன். எங்க வார்டுல ஒரு தாத்தா இருந்தார். விடியக்காலையில கட்டில்ல உக்காந்து விரலால பல்பொடி தேய்ப்பார். மானிட்டர்ல அச்சு அசல் வி.டி., அதான் உயிருக்கே ஆபத்தான வேகத் துடிப்பு. புதுசா சேர்ந்த பொண்ணு டீஃபிப் (நெஞ்சுல ஷாக் கொடுக்கிற மெஷின்) வண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடி வந்துட்டா. தாத்தா வாய் நிறைய நுரையோட, "என்னம்மா?"ங்கிறார். இன்னொரு கை விரல்ல மாட்டியிருந்த ஆக்சிஜன் ப்ரோப், கீழே பிளெத் அலையை, அதாவது நாடித் துடிப்போட அலையை, ஒழுங்கா போட்டுக்கிட்டு இருந்துச்சு. உங்க சீனியர் அதைப் பாத்துத்தான் சொல்லியிருப்பாங்க. ஆனா ஆளையும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லணும். அலாரத்தை நிரந்தரமா ஊமையாக்கி வைக்கிறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். வெத்து அலாரம் பாதி, ஒட்டாத எலக்ட்ரோடாலதான். வேர்வையைத் துடை, முடியை ஷேவ் பண்ணு, ஜெல் காஞ்சதை மாத்து.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்துக்குள்ள ஓடி முடியும். பி.பி. இறங்குறது சகஜம். ட்ரிப்பைக் குறை, ரொம்ப இறங்கினா நிறுத்து, தலையணையை உருவிட்டுக் காலைத் தூக்கி வை, டாக்டரைக் கூப்பிடு. ஏறினதும் பெரும்பாலும் மெதுவா மறுபடி ஆரம்பிக்கச் சொல்வாங்க. திடீர்னு தலைவலி, பேச்சு குழறுதுன்னா அது வேற, மூளையில ரத்தக்கசிவா இருக்கலாம், உடனே நிறுத்திட்டுக் கத்து. மருந்து தொடங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு ஐ.வி. லைன் போட்டு வச்சுக்கோ, அப்புறம் கண்ட இடத்துல குத்த முடியாது, ரத்தம் லேசுல நிக்காது. சதையில போடுற ஐ.எம். ஊசி கூடவே கூடாது. முன்னாடி எப்பவாவது இதே மருந்து போட்டிருக்காங்களான்னும் கேளு. போட்டவங்க உடம்புல எதிர்ப்பு உருவாகியிருக்கும், மறுபடி கொடுக்க மாட்டாங்க.

இன்னொன்னு, ஆரம்ப சுகாதார நிலையத்துலருந்து வர்றவங்க கைச்சீட்டைப் படி. 2023-ல 'இதயம் காப்போம்' திட்டம் வந்ததுலருந்து அங்கேயே 14 மாத்திரை கொடுத்து அனுப்புறாங்க. ஆஸ்பிரின் 150 மி.கி. ரெண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நாலு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. சீட்டைப் பாக்காம நாமளும் லோடிங் (முதல்ல கொடுக்கிற பெரிய டோஸ்) கொடுத்தா ரெண்டு மடங்காயிடும். கூட வந்தவங்களைக் கேட்டா "கை நிறைய மாத்திரை கொடுத்தாங்க சிஸ்டர்"ங்கிறதோட சரி.

கேத்லேப்_குமார்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. ஆஞ்சியோ கேஸ் மணிக்கட்டு வழியா பண்ணியிருந்தா கவலை கம்மி. மணிக்கட்டை அழுத்திப் பிடிக்கிற பேண்டைக் கொஞ்சம் கொஞ்சமா காத்து இறக்கணும், விரல் நிறத்தைப் பாக்கணும். தொடை வழின்னா மேல ட்ரெஸ்ஸிங் வெள்ளையா இருக்குன்னு நம்பாதீங்க. கையை இடுப்புக்கு அடியில விட்டுத் தடவிப் பாருங்க, ரத்தம் பின்னாடிதான் போய்த் தேங்கும். வெளியில ஒரு சொட்டு இல்லாம "முதுகு வலிக்குது"ன்னு சொல்லி, பி.பி.யும் இறங்கி, நாடியும் வேகமாப் போச்சுன்னா வயித்துக்குப் பின்னாடி உள்ளுக்குள்ள கசியுதுன்னு சந்தேகப்படணும். "ரொம்ப நேரம் படுத்ததால வலி"ன்னு சமாதானம் சொல்லிட்டு நகராதீங்க.

ராதா_சேலம்:
செல்வி சிஸ்டர், புத்தகத்தை மூடுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். இன்ஃபீரியர் எம்.ஐ., அதாவது இதயத்தோட அடிப்பக்க மாரடைப்புன்னு பாத்ததும் வலது பக்க ஈ.சி.ஜி. லீட், வி4ஆர், எடுக்கணும்னு நர்ஸுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆர்.வி. (இதயத்தோட வலது கீழறை) பாதிச்சிருக்கிறவருக்கு நெஞ்சு வலிக்குதேன்னு ரத்தக்குழாயை விரிக்கிற சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில வச்சா பி.பி. அதலபாதாளத்துக்குப் போயிடும். கையைத் தொட்டா இது தெரியாது.

செல்வி_அக்கா:
ராதா, சரிதான். பொன்னி, அந்த ஒரு பாடத்தை நைட்டுக்கு முன்னாடி படிச்சுடு, மத்தது அப்புறம்.

பொன்னி_நர்ஸ்:
ரொம்ப நன்றி அக்கா, எல்லாருக்கும். ஒரே ஒரு சந்தேகம். பெட் ரெஸ்ட்னு எழுதியிருந்தும் பாத்ரூம் போயே தீருவேன்னு அடம் பிடிக்கிறாங்க. நேத்து ஒரு ஐயா, "பெட்டுல எல்லாம் எனக்கு வராதும்மா"ன்னு வயரைக் கழட்டிட்டு எழுந்துட்டார்.

செல்வி_அக்கா:
அவரைக் குத்தம் சொல்ல முடியாது. வாழ்க்கை முழுக்கத் தனியாப் போனவரை பத்து பேர் நடமாடுற இடத்துல போகச் சொல்றோம். ஆனா உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு முக்கினா ஆபத்து. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, கட்டிலோரமா கமோட் நாற்காலியைப் போட்டு, ஸ்க்ரீனை இழுத்து விட்டு, மானிட்டர் வயரோடவே உக்கார வை. நீ ஸ்க்ரீனுக்கு வெளியில நின்னு பேச்சுக் கொடு. அட்மிஷன் அன்னிக்கே மலமிளக்கி சிரப் எழுதி வாங்கிடு, மூணாம் நாள் வரைக்கும் காத்திருக்காதே. அப்புறம், நைட்டுக்குப் போனதும் டீஃபிப் சார்ஜ்ல இருக்கா, பேப்பர் ரோல் இருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. பாக்காம போடுறவங்கதான் ஜாஸ்தி.