2 ஜிபி சர்வருக்கு எந்த ஏபிஐ கேட்வே?

பின்தளம்:
வணக்கம். நாங்கள் மூன்று பேர். நோட், பைத்தான் கலந்து ஐந்து சர்வீஸ்கள் ஒரே விபிஎஸ்ஸில் (வாடகை சர்வர்) டாக்கரில் (ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியாக ஓட்டும் மென்பொருள்) ஓடுகின்றன, 2 ஜிபி ரேம்தான், அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. ஏபிஐ கீ (வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் ரகசியக் குறி) சரிபார்ப்பை ஒவ்வொரு சர்வீஸிலும் தனியாக எழுதியிருக்கிறோம். போன வாரம் ஒரு கீயை ரத்து செய்தபோது நான்கு இடத்தில் நீக்கிவிட்டு ஐந்தாவதை மறந்துவிட்டோம், அந்த வாடிக்கையாளர் இரண்டு நாள் உள்ளே வந்துகொண்டே இருந்தார். இனி இதை ஒரே வாசலில், அதாவது எல்லாக் கோரிக்கையும் முதலில் வந்து சேரும் ஏபிஐ கேட்வேயில், வைத்தாக வேண்டும். கீ சரிபார்ப்பும், கீ வாரியாக ரேட் லிமிட்டும் (குறிப்பிட்ட நேரத்தில் இத்தனை கோரிக்கைதான் என்ற வரம்பு) போதும். சுமார் 80 கீகள். லைசென்ஸுக்கோ பெரிய சர்வருக்கோ பணம் இல்லை. காங், டைக், கிராகென்டி, ஏபிசிக்ஸ் நான்கையும் படித்தேன், எல்லாமே இலவசம் என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

நள்ளிரவு_லாக்:
கேட்வே இலவசம்தான், கூடவே எது ஓட வேண்டும் என்று பாருங்கள். டைக்குக்கு ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் கட்டாயம், டாஷ்போர்டும் காசுக்குத்தான். ஏபிசிக்ஸ் வழக்கமாக எட்சிடி கேட்கும், காங் போஸ்ட்கிரஸ் கேட்கும். கிராகென்டிக்கு டேட்டாபேஸே வேண்டாம், ஒரே ஜேசன் ஃபைல், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் ஏபிஐ கீ சரிபார்ப்பு அதன் எண்டர்பிரைஸ் பதிப்பில்தான் வருகிறது, இலவசப் பதிப்பில் ஜேடபிள்யூடி (கையொப்பமிட்ட டோக்கன்) முறைதான். 80 பேரையும் மாறச் சொல்ல முடியாதென்றால் விட்டுவிடுங்கள்.

மேட்டுத்தெரு:
காங்கை டேட்டாபேஸ் இல்லாமலே ஓட்டலாம், 2019-ல் வந்த 1.1 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. எல்லாம் ஒரு யாமல் ஃபைலில், அதை கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வையுங்கள், யார் எந்தக் கீயை எடுத்தார்கள் என்பது தானே பதிவாகிவிடும். வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்) எண்ணிக்கையை ஆட்டோவில் விடாமல் 1 என்று கொடுங்கள், ரேம் மிச்சமாகும். ஆனால் 3.10 முதல் ஓபன்சோர்ஸ் பதிப்புக்கு ஆயத்த டாக்கர் இமேஜ் வெளியிடுவதில்லை, நாமே பில்டு செய்ய வேண்டும். மூன்று பேர் டீமுக்கு அது வேண்டாத சுமை என்றே சொல்வேன்.

கிணற்றடி:
அப்படியானால் ஏபிசிக்ஸை ஸ்டாண்ட்அலோன் முறையில் போடுங்கள். எட்சிடி தேவையில்லை, ஃபைலை மாற்றினால் ஒரு விநாடியில் தானே படித்துக்கொள்ளும். ஃபைலின் கடைசியில் ஹாஷ் போட்டு எண்ட் என்று பெரிய எழுத்தில் (#END) ஒரு வரி இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் எதுவும் ஏறாது. லிமிட்-கவுண்ட் பிளகின் தானாக எண்ணுவது ஐபி வாரியாக, அதைக் கன்ஸ்யூமர் (கீயின் உரிமையாளர்) பெயருக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே அலுவலகத்தில் இருக்கும் இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே கணக்கில் விழுவார்கள். இரண்டாவது சர்வர் வரும்வரை எண்ணிக்கை லோக்கலிலேயே இருக்கட்டும், அப்புறம் ரெடிஸ் பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியம், கேட்வே வந்தபின் சர்வீஸ் போர்ட்களை மூடுவது. மூடாவிட்டால் வாசலுக்குப் பூட்டுப் போட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான். யூஎஃப்டபிள்யூவில் (சர்வரின் ஃபயர்வால்) தடுத்திருக்கிறோம் என்று இருந்துவிடாதீர்கள், டாக்கர் வெளியிடும் போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும். டாக்கரின் கம்போஸ் ஃபைலில் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (அந்த சர்வருக்குள் மட்டும் எட்டும் முகவரி) சேர்க்க வேண்டும், அல்லது போர்ட் வெளியிடும் அந்த வரியையே எடுத்துவிட வேண்டும்.

பின்தளம்:
நன்றி அண்ணா. ஏபிசிக்ஸ்தான், முதலில் ஒரே ஒரு சர்வீஸை மட்டும் அதன் பின்னால் வைக்கப் போகிறோம். நீங்கள் சொன்னதும் வீட்டிலிருந்து மொபைல் நெட்டில் ஒரு சர்வீஸின் 3001 போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன், நேராகப் பதில் வந்தது. ஐந்தும் அப்படித்தான். யூஎஃப்டபிள்யூ பட்டியலில் எல்லாம் தடை என்றே காட்டுகிறது. கம்போஸ் ஃபைலை இப்போதே மாற்றிக்கொண்டிருக்கிறேன்.