ஆகாய கங்கை படிக்கட்டு: பிள்ளைகளை நடக்க விடலாமா, சுமக்கலாமா?

சேலத்து அப்பா: கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குக் குடும்பமா போறோம். பெரியவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு ஒன்றரை. ஆயிரத்துக்கு மேல படினு சொல்றாங்க. முதுகுல மாட்டுற கேரியர் வாங்கலாமா? இல்ல, பெரியவனை நடக்க விட்டு, சின்னவளை மாத்தி மாத்தித் தூக்கிக்கலாமா?

படிதாண்டி: கேரியர் வேண்டாம், சின்னவளோட அங்க இறங்கவே வேண்டாம். மத்த மலையில முதல்ல ஏத்தம், பிள்ளை சோர்ந்தா அப்படியே இறங்கிடலாம். இங்க தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து முதல்லயே இறக்கம். பிள்ளை துள்ளிக்கிட்டு இறங்கும். குளிச்சு, பசிச்சு, கண்ணு சொருகுற நேரத்துலதான் அத்தனை படியும் ஏறணும். மாசிலா அருவியில படி குறைவு, அங்க போங்க.

முதுகுச்சுமை: இறக்கம் முதல்ல வர்றதாலதான் கேரியர் வேணும்ங்கிறேன். இடுப்புல தூக்கினா ஒரு கை போச்சு, பிள்ளை உடம்பு மறைச்சு அடுத்த படியும் தெரியாது. தோள்ல உக்கார வைக்கிறது அதைவிட மோசம்.

கணக்கைப் பாருங்க. ஒன்றரை வயசுக்கு 10-11 கிலோ, சட்டகம் வெச்ச கேரியர் ஏறக்குறைய 3 கிலோ, தண்ணி 2 கிலோ. மொத்தம் 16-க்குள்ள அடங்கிடும். பெரியவன் 16 கிலோன்னா மொத்தம் 21. பல கேரியருக்கு வரம்பே 20-22தான். அவனுக்காக வாங்காதீங்க. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பு மேல இறுக்கமா உக்காரணும், தோள்பட்டை அதுக்கப்புறம்தான். நிறைய பேர் மாத்திப் போட்டுட்டு தோள் வலிக்குதுன்னு கேரியரைத் திட்டுவாங்க.

படிதாண்டி: ஈரப் படியில வழுக்கினா பெரும்பாலும் மல்லாக்க விழுவோம். அப்ப முதுகுல இருக்கிற பிள்ளைதான் முதல்ல கல்லுல மோதும். இதுக்கு எந்தப் பட்டையும் பதில் சொல்லாது.

முதுகுச்சுமை: உண்மை. அதனால அருவிக்கரை ஈரப் பாறைக்குக் கேரியரோட போகக்கூடாது, காஞ்ச இடத்துலயே நின்னுக்கணும். மழை பெஞ்ச மறுநாள் போகவே கூடாது. சட்டகம் இல்லாத துணிக் கேரியர்னா எடை முதுகோட ஒட்டி நிக்கும், தள்ளாட்டம் குறையும். எதுவா இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை பிள்ளையை வெளிய எடுத்து காலை நீட்ட விடுங்க. சட்டகக் கேரியரைப் பிள்ளையோட படியில நிறுத்தி வைக்காதீங்க, குடை சாயும்.

குழந்தைகள் வார்டு: ரெண்டு பேரும் சின்னவளையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. எனக்குப் பயம் பெரியவன் விஷயத்துலதான். 4 வயசுப் பிள்ளை ஒரு மீட்டர் உயரம்தான். படி 20 செ.மீ.ன்னு வெச்சாலும், நமக்கு அது 34 செ.மீ. படி ஏறுற மாதிரி. களைச்சு உக்காரும், நாம கையைப் பிடிச்சு "வாடா"னு வெடுக்குனு இழுப்போம். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கு முழங்கை மூட்டு நழுவ அது போதும். வீக்கம் இருக்காது. கையை லேசா மடக்கித் தொங்கப் போட்டுக்கிட்டு, எதையும் எடுக்க மாட்டேங்கும். நீங்களே திருகிப் பார்க்காதீங்க. மருத்துவர் பார்த்தா சில நிமிஷத்துல சரி பண்ணிடுவார்.

ஏறும்போது பிள்ளைக்குப் பின்னால வாங்க, தூக்கி விடணும்னா அக்குளைப் பிடிங்க. இறங்கும்போது ஒரு படி முன்னால, பக்கவாட்டா நில்லுங்க. வார் இல்லாத ரப்பர் செருப்பு கூடாது. ஷூன்னா முன்னால ஒரு விரல் இடம் இருக்கணும், இல்லன்னா இறக்கத்துல நகம் இடிச்சு ரத்தம் கட்டும். முதல் நாளே நகம் வெட்டிடுங்க.

ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) ஒரு லிட்டர் பாக்கெட்னா ஒரு லிட்டர் தண்ணியிலதான் முழுசா கரைக்கணும். சின்ன பாட்டில்ல மொத்தத்தையும் கொட்டிக் குலுக்கினா உப்பு அளவு மீறும், பிள்ளைக்கு ஆபத்து.

சேலத்து அப்பா: அப்ப பெரியவன் நடக்கட்டும். எங்க திரும்புறதுன்னு எப்படி முடிவு பண்றது?

படிதாண்டி: வீட்டுப் பக்கத்துல ஒரு மலைக்கோயில்ல 300 படி ஏற விட்டுப் பாருங்க. கடைசி 50-ல தூக்கச் சொன்னா இந்த வருஷம் வேண்டாம். அங்க போனா, இறங்கின நேரத்தைப் போல ரெண்டரை மடங்கு ஏறுறதுக்கு ஒதுக்குங்க.

முதுகுச்சுமை: ரெண்டரை பத்தாது, மூணு. அதுவும் பெரியவங்க ரெண்டு பேர் போதாதுங்க, மூணாவது ஆள் வேணும். ஒருத்தர் கேரியர், ஒருத்தர் பெரியவன். அப்ப சாப்பாட்டுப் பையை யார் பார்ப்பாங்க? குரங்குக்கு பிளாஸ்டிக் கவர் சலசலப்பே போதும். டப்பாவைத் துணிப்பைக்குள்ள வைங்க, பிள்ளை கையில தின்பண்டம் கொடுத்து நடக்க விடாதீங்க.

குழந்தைகள் வார்டு: அதுக்கு முன்னால 70 கொண்டை ஊசி வளைவு இருக்கே! காரவள்ளி வழியாப் போனா அடிவாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே இட்லி மாதிரி லேசா கொடுத்து முடிச்சிடுங்க, மொபைல் கொடுக்காதீங்க. வாந்தி எடுத்த பிள்ளையை நேரா படிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம, மலை மேல இருக்கிற செம்மேடு ஊர்ல ஒரு மணி நேரம் உக்கார வைங்க.

படிதாண்டி: ஆடி 17, 18 வேண்டவே வேண்டாம். வல்வில் ஓரி விழாக் கூட்டத்துல பிள்ளை உக்காரக்கூடப் படி கிடைக்காது. சின்னவளை மேல கோயில்ல பாட்டியோட விட்டுட்டுப் போங்கன்னுதான் இன்னமும் சொல்லுவேன்.

முதுகுச்சுமை: பாட்டி வர்றாங்கன்னு அவர் எங்க சொன்னார்?