முகம் பார்க்கும் ஆட்டுக்குட்டி: ஷெல்லியைப் படித்த அனுபவம்

பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் என்பதை அறிந்த நாளில்தான் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியைத் தேடத் தொடங்கினேன். வானம்பாடியைப் பற்றிய அவருடைய கவிதையை எதிர்பார்த்து நூலகத்துக்குப் போனவளுக்கு முதலில் கிடைத்தது 'குயின் மாப்', 1813-இல் வந்த நெடுங்கவிதை. வரப்போகும் நற்காலத்தைப் பாடும் இடத்தில், தன் முகத்தைப் பார்க்கும் ஆட்டுக்குட்டியை மனிதன் இனிக் கொல்வதில்லை என்கிறார். அதற்குமேல் படிக்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடா, கழுத்து மாலையின் இலையையே மென்றபடி என்னைப் பார்த்து நின்றது கண்முன் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்று மதியம் கறிச்சோறு சாப்பிட்டேன்.

அந்தக் கவிதைக்கு அவரே எழுதிய குறிப்புகளில் ஒன்று முழுக்கப் புலால் மறுப்புதான்; தனிச் சிறுநூலாகவும் வந்தது. கிரேக்கப் புராணத்தில் நெருப்பைத் திருடிய பிரமிதியஸின் ஈரலைக் கழுகு கொத்துவதை, இறைச்சியைச் சமைக்கத் தொடங்கியதால் வந்த நோய் என்று விளக்குகிறார். மருத்துவமாக இது நிற்காது. ஆனால் இன்னொரு வாதம் என்னை விடவில்லை: ஒரு காளையைக் கொழுக்கவைக்கும் தாவர உணவை நிலத்திலிருந்து நேராக எடுத்துக்கொண்டால் பத்து மடங்கு பேரின் பசி தீரும் என்கிறார். இருபது வயதுப் பையன்! 'வெஜிடேரியன்' என்ற சொல்லே அன்று புழக்கத்தில் இல்லை. 1812-இல் டப்ளினில் இருந்தபோது அவரும் மனைவி ஹாரியட்டும் புலாலை விட்டதை, கிரேக்க அறிஞர் பைதாகரஸின் பெயரால் 'பைதாகரஸ் முறை'க்கு மாறியதாகத்தான் ஹாரியட் கடிதத்தில் எழுதினார். நான் விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

*

அக்கா, ஷெல்லியைப் பற்றி நீங்கள் மேலே எழுதியதைப் படித்தேன்; அவர் தடுமாறிய கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1815-இல் தேம்ஸில் படகுப் பயணம் போனபோது ஷெல்லிக்கு உடம்பு முடியவில்லை. மிளகு தூவிய ஆட்டுக்கறித் துண்டுகள் மூன்றைச் சாப்பிடச் சொன்னார் நண்பர் பீக்காக். சாப்பிட்டதும் தெம்பு வந்ததாம். சைவத்தைக் கேலிசெய்ய இதைத்தான் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அதுவரை அவர் பெரும்பாலும் டீயிலும் வெண்ணெய் தடவிய ரொட்டியிலுமே காலம் தள்ளினார் என்று அதே பீக்காக் எழுதியிருப்பதை விட்டுவிடுவார்கள். விடுதியில் நானும் அப்படித்தான் டீயும் பன்னுமாக ஆறு மாதம் ஓட்டி, ரத்தசோகையில் படுத்தேன். அம்மா வந்து முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் ஆக்கிப் போட்ட பிறகே எழுந்தேன். ஷெல்லிக்கு அப்படி ஆக்கிப்போட யாரும் இல்லையே என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.