மவனுக்கு முதுகுல கூன், ஆபரேஷன் பண்ணலாமா?

சுங்கை சிப்புட் அம்மா:
வணக்கம். மவனுக்கு 6 வயசு, ஹர்லர் நோய் (பொறப்புலயே ஒரு என்சைம் குறையற நோய்), போன்மேரோ (எலும்பு மஜ்ஜை) மாத்தியாச்சு, ஆனா இடுப்புக்கு மேல முதுகு தள்ளிக்கிட்டே வருது, சட்டைக்கு மேலயே முட்டுது. ஸ்பெஷலிஸ்ட் ஆபரேஷன்ங்கறாரு, லயத்துப் பாட்டி எண்ணெ போட்டு நீவுனா போயிடும்ங்குது. பயமா இருக்குலா.

தோட்டத்து நர்ஸ்:
அக்கா, நீவுறத மொதல்ல நிறுத்துங்க. என்சைம் குறையறதால உடம்புல சேர்ந்த கழிவு கரையாம எலும்புலயும் தேங்குது, அந்த எடத்து முள்ளெலும்பு முன்பக்கம் ஒழுங்கா வளராம கொக்கி மாதிரி ஆயிடுது. போன்மேரோ மாத்துனாலும் எலும்புக்கு அவ்வளவா எட்டாது. கூன் ஏறிக்கிட்டே போனா, இல்ல கால் தளர்ந்தா தான் கம்பி, ஸ்குரூ வச்சு எலும்ப ஒட்ட வைப்பாங்க.

மோர்க்கியோ அப்பா:
என் மவளுக்கு மோர்க்கியோ, ஹர்லர் மாதிரியே உடம்புல கழிவு தேங்குற நோய், கழுத்துல ஆபரேஷன் பண்ணுனாங்க. ஆபரேஷனவிட மயக்க மருந்து தான் எங்கள ஆட்டிப் படைச்சிச்சு, இந்தப் பிள்ளைங்களுக்கு நாக்கு பெருசு, மூச்சுக்குழாய் ஒடுக்கம், கழுத்தெலும்பும் ஆடும், டியூப் போடறப்ப தலைய பின்னால சாய்ச்சா தண்டுவடம் நசுங்கலாம். எங்களுக்கு மொதல்ல போன எடத்துல கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்காமயே தேதி குடுத்துட்டாங்க, நான் தான் சண்டை போட்டேன். இருதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் தூக்கத்துல மூச்சு டெஸ்ட்டும் கேளுங்க. ஆபரேஷன் நடக்கறப்பவே நரம்பு சிக்னல் பாக்க மெஷின் இருக்கான்னும் கேளுங்க.

சுங்கை சிப்புட் அம்மா:
நன்றிண்ணே, எம்ஆர்ஐக்கும் தூங்க வைக்கணுமாமே?

மோர்க்கியோ அப்பா:
ஆமா. எங்களுக்கு கழுத்து, முதுகு ரெண்டையும் ஒரே மயக்கத்துல எடுத்தாங்க.