காது கேளாத சக பணியாளர்களுடன் உரையாடுவதில் நான் எங்கே தவறுகிறேன்?

கேள்வி

வணக்கம். எங்கள் குழுவில் இரண்டு மாதங்களுக்கு முன் இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் காதொலிக் கருவி அணிந்திருக்கிறார், வாய்விட்டுப் பேசவும் செய்கிறார். மற்றவர் பிறவியிலேயே காது கேளாதவர், சைகை மொழியில் உரையாடுபவர். முன்னவரிடம் உரத்த குரலில், சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறேன். தலையசைத்துவிட்டுச் செல்கிறார், பிறகு பார்த்தால், நான் சொன்னது ஒன்றாகவும் அவர் செய்தது வேறாகவும் இருக்கிறது. பின்னவருக்கு எல்லாவற்றையும் விரிவான மின்னஞ்சலாக எழுதுகிறேன். ஒற்றை வரியில் பதில் வருகிறது. கூட்டங்களில் இருவருமே கருத்துச் சொல்வதில்லை. அவர்களிடமே கேட்டுவிடலாம் என்றால், மனம் புண்படுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

முதல் மறுமொழி

நான் பல ஆண்டுகளாகக் காதொலிக் கருவி அணிபவன். எங்களுள் பலருக்குக் குறைந்திருப்பது ஒலியின் அளவு மட்டுமன்று, தெளிவும்தான். உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்கும்போது உயிரொலிகள் காதில் விழும், மெய்யொலிகள் நழுவிவிடும். ‘சட்டம்’, ‘பட்டம்’, ‘கட்டம்’ மூன்றுமே எனக்குச் சில வேளைகளில் ‘அட்டம்’ என்றுதான் கேட்கின்றன. அப்போது உங்கள் உதட்டைப் பார்க்கிறேன். உதடு மூடித் திறந்தால் ‘பட்டம்’ என்று அறியலாம், ஆனால் ‘மட்டம்’ என்பதற்கும் உதடு அவ்வாறேதான் மூடுகிறது. ‘க’ தொண்டைக்கு அருகில் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. மீதியை நான் பேச்சின் போக்கிலிருந்து ஊகிக்கிறேன். நாள் முழுதும் இவ்வாறு ஊகித்துக்கொண்டிருப்பது எவ்வளவு களைப்பைத் தரும் என்பது, மாலையில் என்னைப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

உரக்கப் பேசினால் வாயின் வடிவம் சிதைகிறது, கருவியிலும் ஒலி கரகரக்கிறது. சொற்களைப் பிரித்தால் ஊகத்துக்கு உதவும் இயல்பான ஏற்ற இறக்கம் போய்விடுகிறது. இயல்பான குரலில், சற்றே நிதானமாக, முகம் பார்த்துப் பேசுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் நிழலாகிவிடும். கருவி ஓரிரு மீட்டர் தொலைவுக்குள்தான் நன்றாக உதவும். அதற்கு அப்பால் மின்விசிறியையும் நாற்காலி இழுபடும் ஓசையையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது.

தலையசைப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: மூன்றாம் முறையும் ‘என்ன?’ என்று கேட்கக் கூசி நாங்கள் அசைப்பதே அது. ‘புரிந்ததா?’ என்றால் ‘ஆம்’ என்றுதான் வரும். ‘இதில் எதை முதலில் எடுத்துக்கொள்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். புரியாத வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். எண்களையும் பெயர்களையும் தேதிகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; அதைக் கேட்பதைவிட எதுவுமே கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

இரண்டாம் மறுமொழி

நான் சைகை மொழி பேசுபவள். சைகை மொழி என்பது பேச்சு மொழியைக் கையால் எழுதிக் காட்டுவதன்று. அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே சைகை மொழியும் இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசப்படுவது ஆங்கிலமே என்றாலும், அவற்றின் சைகை மொழிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு வேறானவை. எனவே எழுத்து மொழி எங்களுள் பலருக்கு இரண்டாம் மொழி. உங்கள் நீண்ட மின்னஞ்சலுக்கு ஒரு வரி வருவதை அக்கறையின்மை என்றோ அறிவுக் குறைவு என்றோ கொள்ள வேண்டாம். குறுகிய வாக்கியங்களும், திரையில் சுட்டிக் காட்டக்கூடிய ஒரு வரைபடமும் பெரிதும் உதவும்.

கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வந்தால், அவரிடம் ‘இதை அவரிடம் சொல்லுங்கள்’ என்று கூறாமல், எங்களைப் பார்த்தே பேசுங்கள். மொழிபெயர்ப்பு சில விநாடிகள் பின்தங்கியே வரும். ‘யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?’ என்று கேட்டுவிட்டு உடனே அடுத்த பொருளுக்குச் சென்றால், அந்தக் கேள்வி என் கண்ணை எட்டும்போதே வாய்ப்பு முடிந்திருக்கும். பேசாதிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கூச்சமன்று, இதுதான்.

மூன்றாம் மறுமொழி

காணொளிக் கூட்டங்களில், பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும் தானியங்கி எழுத்துரையை இயக்கினால் இவ்வளவு சிக்கல் இருக்காதே?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஆட்பெயர்களிலும், இரு மொழிகள் கலந்து வரும் பேச்சிலும், இருவர் ஒரே நேரத்தில் பேசும்போதும் அது தடுமாறுகிறது. ஒருவர் முடித்த பின் அடுத்தவர் கை உயர்த்திப் பேசுவது என்ற வழக்கத்தை முதலில் கொண்டுவாருங்கள். நிகழ்ச்சி நிரலை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தயக்கத்தை விட்டு இன்று இருவரிடமும் தனித்தனியே கேட்டேன். சைகை மொழியில் உரையாடுபவர், மின்னஞ்சலைவிட வெள்ளைப் பலகையில் சேர்ந்து எழுதுவதே தமக்கு எளிது என்று எழுதிக் காட்டினார். கருவி அணிந்தவருக்கு இடக்காது அறவே கேட்காதாம். இந்த இரண்டு மாதங்களும் நான் அவருடைய இடப்பக்கத்தில் அமர்ந்தே பேசியிருக்கிறேன். நாளை இருக்கைகளை மாற்றிக்கொள்கிறோம்.